மூலமும் உரையும்: இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழிலக்கண மரபிலே மூலமும் உரையும் ஒன்றையொன்று பிரியாதவை. தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றற்கு இளம்பூரணர் ஒரு பொருள் காண்பார். சேனாவரையர் அதனை மறுத்து வேறொரு பொருள் காண்பார். நச்சினார்க்கினியர் தமக்கென ஒரு வழி வகுத்துக்கொள்வார். சூத்திரம் மாறுவதில்லை, அதனை வாசிப்போரின் நோக்கே மாறுகின்றது. இம்முரண்பாடுகள் புலமையுலகின் எல்லைக்குள் நிகழ்ந்தவையாதலின் அவற்றால் எவரும் உயிரிழக்கவில்லை. ஆயின், மூலத்தின் ஒரு சொல்லுக்குக் கூறப்படும் உரை ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைத் தீர்மானிக்கும் நூல்களும் உலகில் உள. போரில் நச்சுப் பொருள்களை விலக்கும்பொருட்டு அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள் அத்தகையன.

இவ்வுடன்படிக்கைகளைச் சட்டவறிஞரும் வரலாற்றாசிரியரும் விஞ்ஞானிகளும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எனினும், அவை யாவற்றுக்கும் முன்னதாக மொழியாலான படைப்புகள் என்பது மனங்கொளத்தக்கது. எச்சொல் தெரிந்தெடுக்கப்பட்டது, எச்சொல் தவிர்க்கப்பட்டது, யாரை முன்னிலைப்படுத்திப் பேசப்பட்டது, யார் பேசப்படாது விடப்பட்டனர் என்னும் வினாக்கள் இலக்கிய விமர்சனத்துக்கு மட்டும் உரியனவல்ல. இவ்வினாக்களை முன்வைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும்: ஒரு நூற்றாண்டு காலத்தில் மூலம் பெரிதும் செம்மையுற்றுள்ளது, ஆனால் அதற்கு உரைகூறும் அதிகாரம் பெரும்பாலும் எந்த அரசுகளைக் கட்டுப்படுத்த அது எழுதப்பட்டதோ அவ்வரசுகளின் கையிலேயே இருந்து வந்துள்ளது. இரசாயன ஆயுதத் தடையின் வெற்றியும் தோல்வியும் இவ்விடைவெளியிலேயே தங்கியுள்ளன.

1. ‘ஒரே நோக்கம்’

நஞ்சினைப் போர்க்கருவியாகக் கொள்வது இழிவானது என்னும் எண்ணம் மிகப் பழையது. மனுநூல் நஞ்சூட்டிய ஆயுதங்களை விலக்குகின்றது. ஆயின் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமோ பகைவரை அழிக்கும் நச்சுப்புகைகளை ஆக்கும் வகைகளை விதந்து கூறுகின்றது. விலக்கும் விதியும் அருகருகே வாழ்ந்தமைக்கு இது சான்றாகும். ஐரோப்பாவில் 1675ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் பிரான்சும் புனித உரோமப் பேரரசும் நச்சுத் துப்பாக்கிக் குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை எனத் தமக்குள் இணங்கின. ஆனால் இவை யாவும் கைவினைக் காலத்து விலக்குகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயனக் கைத்தொழில் பெருகியபோது நஞ்சு தொன் கணக்கில் உற்பத்தியாகும் பொருளாயிற்று. பழைய விலக்கு புதிய மொழியில் எழுதப்பட வேண்டியதாயிற்று.

1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய மாநாட்டின் பிரகடனம் இவ்வகையில் முதன்மையானது. மூச்சைத் திணறச்செய்யும் வாயுக்களையோ தீங்கு பயக்கும் வாயுக்களையோ பரப்புவதையே ஒரே நோக்கமாகக் கொண்ட எறிகணைகளைப் பயன்படுத்துவதில்லை என அரசுகள் அதில் உறுதியளித்தன. அமெரிக்கப் பிரதிநிதியாகிய கடற்படைக் கப்டன் ஆல்பிரட் மகான் இதனை எதிர்த்தார். நள்ளிரவில் ஒரு கப்பலின் அடித்தளத்தைத் தகர்த்து நூற்றுக்கணக்கானோரைக் கடலில் மூழ்கடிப்பதனை அனுமதித்துவிட்டு, வாயுவினாற் கொல்வதற்கு மட்டும் இரங்குவது முரணாகும் என்பது அவர் வாதம். அமெரிக்கா கைச்சாத்திடவில்லை. மகானின் வாதம் கொடியதாயினும், அது வெளிப்படையானது. கைச்சாத்திட்டோரின் வாசிப்போ அத்துணை வெளிப்படையானதன்று.

பிரகடனத்தின் இரு சொற்கள் ஈண்டு நோக்கற்பாலன. ஒன்று, ‘ஒரே நோக்கம்’ என்பது. வாயுவைப் பரப்புவதோடு இரும்புத் துண்டுகளையும் சிதறச்செய்யும் குண்டுக்கு இரு நோக்கங்கள் உள. ஆதலின் அது விலக்கப்பட்டதன்று என வாதிக்கலாம். 1914 ஒக்டோபரில் நியூவ் சப்பெல் என்னுமிடத்தில் ஜேர்மன் படை எய்த எரிச்சலூட்டும் குண்டுகள் இத்தகையனவாகவே அமைக்கப்பட்டிருந்தன. மற்றையது, ‘எறிகணை’ என்பது. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகில் ஜேர்மன் படையினர் எறிகணை எதனையும் எய்திலர். ஐயாயிரத்துக்கும் அதிகமான உருளைக் கலங்களின் வாயைத் திறந்து நூற்றைம்பது தொன்னுக்குக் குறையாத குளோரீன் வாயுவைக் காற்றோடு அனுப்பினர். ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நீளத்துக்குப் பச்சை கலந்த மஞ்சள் நிறப் புகை பிரெஞ்சு, அல்ஜீரியப் படையினரின் அகழிகளை நோக்கி நகர்ந்தது. உருளைக் கலம் எறிகணையன்று. எனவே பிரகடனம் மீறப்படவில்லை என வாதிக்கப்பட்டது. அதே மாநாட்டின் தரைப்போர் விதிகள் நஞ்சினைப் பொதுவாகவே விலக்கியிருந்தன என்பது வசதியாக மறக்கப்பட்டது.

எழுத்துக்கு எழுத்து சரியாகவும் பொருளில் முற்றிலும் பொய்யாகவும் அமைந்த உரைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. அவ்வாண்டு செப்டெம்பரில் லூஸ் களத்தில் பிரித்தானியப் படையும் குளோரீனைப் பயன்படுத்திற்று. அதன் பின்னர் பொஸ்ஜீனும், 1917 யூலையில் கடுகு வாயுவும் வந்தன. போர் முடிவதற்குள் வாயுவினால் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கண்கள் கட்டப்பட்ட போர்வீரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து வரிசையாக நடப்பதைச் சித்திரிக்கும் ஜோன் சிங்கர் சார்ஜன்ற்றின் 1919ஆம் ஆண்டுப் பேரோவியத்தில், பிரகடனத்தின் இரு சொற்களிடையே வீழ்ந்தவர்களைக் காணலாம்.

2. விலக்கியதும் விலக்காததும்

போரின் அதிர்ச்சியிலிருந்து பிறந்தது 1925 யூன் 17ஆம் திகதி கைச்சாத்தான ஜெனீவா நெறிமுறை. முன்னைய குறைகளை அது உணர்ந்திருந்தது. எறிகணை, உருளை என்னும் கருவி வேறுபாட்டை அது கைவிட்டது. வாயுக்களை மட்டுமன்றி அவற்றையொத்த திரவங்கள், பொருள்கள், சாதனங்கள் யாவற்றையும் போரிற் பயன்படுத்துதல் தகாது என அது விதித்தது. நுண்ணுயிர் ஆயுதங்களுக்கும் அவ்விலக்கை விரித்தது. ஆனால் அதன் மையவினை ‘பயன்படுத்துதல்’ ஒன்றே. ஆக்குதல், சேமித்தல், விற்றல் என்பன பற்றி அது மௌனம் சாதித்தது. பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் முதலிய அரசுகள் இம்மௌனத்துக்குத் தத்தம் உரையை எழுத்திலேயே சேர்த்துக்கொண்டன. எதிரி முதலிற் பயன்படுத்தின் தம்மை இந்நெறிமுறை கட்டுப்படுத்தாது என்பதே அவ்வுரை. இதன் விளைவாக முழுமையான விலக்கு, முதலிற் பயன்படுத்துவதில்லை என்னும் உறுதிமொழியாகச் சுருங்கிற்று. பழிவாங்கும் உரிமை இருக்கும்வரை பழிவாங்குவதற்கான களஞ்சியமும் நியாயமாகிவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் நஞ்சுக் களஞ்சியங்கள் யாவும் இந்நெறிமுறையின் நிழலிலேயே வளர்ந்தன.

நெறிமுறையின் மொழிபற்றி மேலுமொன்று கூறுதல் வேண்டும். அதன் ஆங்கில மூலமும் பிரெஞ்சு மூலமும் சம அதிகாரம் உடையன. மூச்சைத் திணறச்செய்வன, நச்சுத்தன்மையுடையன என்பவற்றையடுத்து ஆங்கிலத்தில் ‘பிற வாயுக்கள்’ என்னும் பொருள்படும் சொல்லும், பிரெஞ்சில் ‘அவற்றையொத்த வாயுக்கள்’ என்னும் பொருள்படும் சொல்லும் நின்றன. ‘பிற’ எனின் கண்ணீர்ப்புகையும் அடங்கும். ‘ஒத்த’ எனின் அது அடங்குமா என்பது ஐயத்துக்குரியது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகள் கண்ணீர்ப்புகையையும் களைகொல்லிகளையும் பெருமளவிற் பயன்படுத்தியபோது இவ்வொரு சொல் வேறுபாடு உலக அரசியற் பிரச்சினையாயிற்று. 1969ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இத்தகைய பொருள்கள் யாவும் விலக்கப்பட்டனவே என 80 வாக்குகளால் தீர்மானித்தது, எதிர்த்தோர் மூவர், நடுநிலை வகித்தோர் 36 பேர். 1930ஆம் ஆண்டில் கண்ணீர்ப்புகையும் விலக்குக்குள் அடங்கும் எனக் கூறிய பிரித்தானிய அரசு, 1970ஆம் ஆண்டில் தான் வழங்கிவந்த சீ.எஸ். புகை அவ்வாறன்று என உரையை மாற்றிக்கொண்டது. அமெரிக்கா 1925இல் கைச்சாத்திட்டபோதும் 1975ஆம் ஆண்டிலேயே நெறிமுறையை ஏற்புறுதி செய்தது.

இச்சொல்லாராய்ச்சிக்கும் இடந்தராத சில நிகழ்ச்சிகளும் உள. நெறிமுறையை 1928இலேயே ஏற்ற இத்தாலி, 1935 டிசெம்பர் முதல் எதியோப்பியாவில் விமானங்களிலிருந்து கடுகு வாயுவைப் பொழிந்தது. 1936 யூன் 30ஆம் திகதி ஹெயிலி செலாசி மன்னர் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று, தம் மக்கள்மீதும் கால்நடைகள்மீதும் வயல்கள்மீதும் நீர்நிலைகள்மீதும் நச்சுமழை பெய்த விதத்தை எடுத்துரைத்தார். கேட்டவர்களிடம் மூலம் இருந்தது. அதன் பொருளில் எவ்வித ஐயமும் இருக்கவில்லை. ஆயினும் நஞ்சிட்டவர்களுக்குத் தண்டனை எதுவும் விளையவில்லை. சில நாட்களுள் இத்தாலிமீது விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடைகளும் நீக்கப்பட்டன. ஐரோப்பியர் ஐரோப்பியர்மீது பயன்படுத்தத் தயங்கிய ஆயுதத்தை ஆபிரிக்கர்மீதும், யப்பானியப் படைகள் சீனர்மீதும் தயங்காது பயன்படுத்தியமை, விலக்கின் எல்லை யாருடைய உடலில் முடிவடைந்தது என்பதைக் காட்டுகின்றது.

அரை நூற்றாண்டின் பின் ஈரான்–ஈராக் போரிலும் இதே நிலை நேர்ந்தது. இரு அரசுகளும் நெறிமுறைக்கு உடன்பட்டவை. 1984ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய நிபுணர் குழு கடுகு வாயுவும் தபுன் என்னும் நரம்பு நஞ்சும் பயன்படுத்தப்பட்டமையை உறுதிசெய்தது. 1987 யூன் 28ஆம் திகதி ஈரானின் சர்தஷ்த் நகர மக்கள்மீது ஈராக்கிய விமானங்கள் கடுகு வாயுக் குண்டுகளை வீசின. 1988 மார்ச் 16ஆம் திகதி ஈராக்கின் குர்திய நகராகிய ஹலப்ஜாவில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதன் பின்னர் மேமாதம் நிறைவேற்றப்பட்ட பாதுகாப்புச் சபையின் 612ஆம் இலக்கத் தீர்மானம் இரசாயன ஆயுதப் பயன்பாட்டை வன்மையாகக் கண்டித்தது. இனிமேல் இருதரப்பினரும் அதனைத் தவிர்ப்பர் என எதிர்பார்த்தது. ‘இருதரப்பினரும்’ என்னும் சொல்லில் குற்றஞ்செய்தவனுக்கும் குற்றத்துக்கு இலக்கானவனுக்குமிடையிலான வேறுபாடு மறைந்தது. ஓர் எழுவாயைத் தவிர்ப்பதன்மூலம் ஒரு பொறுப்பைத் தவிர்க்கலாம் என்பதற்கு இவ்வாக்கியம் உதாரணமாகும்.

3. பொருளிலிருந்து மனிதனுக்கு

ஹலப்ஜாவின் பின் 1989 ஜனவரியில் பாரிசில் 149 அரசுகள் கூடின. ஜெனீவாவில் நெடுங்காலம் நடந்த பேச்சுவார்த்தைகள் 1992இல் நிறைவுற, 1993 ஜனவரி 13ஆம் திகதி இரசாயன ஆயுதங்கள் சமவாயம் கைச்சாத்துக்காக வைக்கப்பட்டது. 1997 ஏப்ரல் 29இல் அது வலுவுக்கு வந்தது. அதனைச் செயற்படுத்தும் அமைப்பு ஹேக் நகரிலேயே நிறுவப்பட்டது. இலங்கை 1994ஆம் ஆண்டில் இச்சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. இன்று 193 அரசுகள் அதில் அங்கம் வகிக்கின்றன. கைச்சாத்திட்டும் ஏற்புறுதி செய்யாத இஸ்ரேலும், கைச்சாத்திடாத எகிப்தும் வட கொரியாவும் புறத்தே நிற்பனவற்றுள் அடங்கும்.

இச்சமவாயத்தின் முதலாம் உறுப்பு, முன்னைய நூல்களின் குறைகளைக் கற்றறிந்தவர்களின் எழுத்து எனலாம். எச்சூழ்நிலையிலும் ஒருபோதும் இரசாயன ஆயுதங்களை விருத்திசெய்தல், உற்பத்திசெய்தல், பெறுதல், சேமித்தல், வைத்திருத்தல், கைமாற்றுதல், பயன்படுத்துதல் கூடாது என அது வினைகளை அடுக்குகின்றது. ‘எச்சூழ்நிலையிலும்’ என்பதனால் பழிவாங்கும் உரிமை வெட்டுண்டது. ‘வைத்திருத்தல்’ என்பதனால் களஞ்சியம் குற்றமாயிற்று. சமவாயத்துக்கு விலக்குக் குறிப்பு எழுதிச் சேர்ப்பதும் தடுக்கப்பட்டது. உள்ளதை அழித்தல் கடமையாயிற்று.

இவை எல்லாவற்றினும் நுண்ணியது இரண்டாம் உறுப்பின் வரைவிலக்கணம். இரசாயன ஆயுதம் யாது என்னும் வினாவுக்கு அது ஒரு பெயர்ப்பட்டியலை விடையாகத் தரவில்லை. நச்சுத்தன்மையுள்ள எந்த இரசாயனப் பொருளும், அதனை ஆக்கும் எந்த முன்னோடிப் பொருளும், விலக்கப்படாத நோக்கங்களுக்காகவும் அந்நோக்கங்களுக்குப் பொருந்தும் வகையிலும் அளவிலும் இருந்தாலன்றி, இரசாயன ஆயுதமே என்பது அதன் கருத்து. அட்டவணைகள் மூன்று இணைக்கப்பட்டுள்ளனவாயினும் அவை மேற்பார்வைக்கு உதவுவனவேயன்றி வரைவிலக்கணத்தின் எல்லையல்ல. குளோரீன் எந்த அட்டவணையிலும் இல்லை. குடிநீரைத் தூய்மையாக்கும் அப்பொருள் மக்கள்மீது வீசப்படும் கணத்தில் ஆயுதமாகின்றது. ஆமணக்கெண்ணெய் ஊர்தோறும் மருந்தாக வழங்குவது. அதே ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்னும் நஞ்சு முதலாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. தயோடைகிளைக்கோல் மையும் சாயமும் செய்வதற்குதவுவது. அதிலிருந்தே கடுகு வாயுவும் செய்யப்படும்.

1899ஆம் ஆண்டுப் பிரகடனத்திலும் ‘நோக்கம்’ என்னும் சொல் இருந்தது. 1993ஆம் ஆண்டுச் சமவாயத்திலும் அச்சொல்லே மையமாகவுள்ளது. ஆனால் முன்னையதில் நோக்கம் குண்டுக்கு உரியது. பின்னையதில் அது மனிதனுக்கு உரியது. இம்மாற்றத்தின் அவசியத்தை ஈப்ர் தாக்குதலை நெறிப்படுத்திய பிரிற்ஸ் ஹேபரின் வாழ்க்கையே உணர்த்தும். காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியாவைத் தொகுத்து உலகின் வயல்களுக்குப் பசளை வழங்கிய வழியைக் கண்டவரும் அவரே. அதற்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றவரும் அவரே. அறிவு ஒன்றாக, மனிதர் ஒருவராக இருக்க, பசளையையும் புகையையும் பிரிப்பது நோக்கம் மட்டுமே. இதனைச் சட்டமொழியில் நிலைநிறுத்தியமையே இச்சமவாயத்தின் தலையாய சாதனை.

4. அழித்தலின் வரலாறு

சமவாயத்தின் செயல்வலிமையை அதன் அழிப்புப் பணியில் அளந்தறியலாம். அங்கத்துவ அரசுகள் தாமாக அறிவித்த நச்சுப்பொருளின் மொத்த நிறை 72,304 தொன். இவற்றுள் ருஷ்யாவின் பங்கு ஏறத்தாழ 40,000 தொன். அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ 28,000 தொன். பத்தாண்டுகளுக்குள், அதாவது 2007க்குள், இவை முற்றாக அழிக்கப்படவேண்டும் என்பது விதி, 2012வரை நீடிப்பு வழங்கப்பட்டது, அதுவும் தவறிற்று. அல்பேனியா 2007இலும் இந்தியா 2009இலும் பணியை முடித்தன. ருஷ்யா 2017 செப்டெம்பரில் முடித்தது. 2023 யூலை 7ஆம் திகதி கென்டக்கி மாநிலத்தின் புளூ கிராஸ் களஞ்சியத்தில் சரின் நிரப்பிய கடைசி ரொக்கட் அழிக்கப்பட்டதோடு, அறிவிக்கப்பட்ட களஞ்சியங்கள் யாவும் இல்லாதொழிந்தன. பேரழிவு ஆயுத வகையொன்றின் அறிவிக்கப்பட்ட இருப்பு முழுவதும் சர்வதேசப் பரிசோதகரின் கண்முன்னே அழிக்கப்பட்டமை வரலாற்றில் முன்னுதாரணமற்றது. இதனைச் சிறுமைப்படுத்துவோர் விமர்சகராகார்.

தாமதத்துக்குக் காரணம் அரசுகளின் அசட்டை மட்டுமன்று. நஞ்சை ஆக்குதல் எளிது, அழித்தல் அரிது. ஆக்கியோர் அதனை வெடிமருந்தோடும் ஊக்கியோடும் ஒரே உறையில் அடைத்து வைத்தனர்; ஆண்டுகள் கழிய உறைகள் கசிந்தன. கென்டக்கியில் களஞ்சியத்தின் அயலில் வாழ்ந்த மக்கள், எரியுலைகளின் புகை தம்மீது படியும் என அஞ்சிப் பல்லாண்டு போராடினர். அதன் பயனாக, நஞ்சினை எரிக்காது நீர்ப்பகுப்பினால் சிதைக்கும் முறை அங்கு கைக்கொள்ளப்பட்டது. அழிப்புக்கு எதிராகவன்றி, அழிக்கும் முறை பற்றியே அம்மக்கள் குரலெழுப்பினர். தாமதத்தின் ஒரு பகுதி அவர்களின் மூச்சுக்காகச் செலவான காலமாகும்.

எனினும், இப்பகுதியிலும் மூலம் ஒரு மௌனத்தைக் கொண்டுள்ளது. கடலிற் கொட்டுதலையும் நிலத்திற் புதைத்தலையும் அழிப்பு முறைகளாகக் கொள்ளலாகாது எனச் சமவாயம் விதிக்கின்றது. ஆனால் 1985க்கு முன் கடலில் கொட்டப்பட்டவையும், 1977க்கு முன் தன் நிலத்தில் புதைக்கப்பட்டு அவ்வாறே கிடப்பவையும் பற்றி அறிவிப்பதும் அறிவிக்காததும் அவ்வவ்வரசின் விருப்புக்கு விடப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரின் பின் பால்டிக் கடலில் கொட்டப்பட்ட கடுகு வாயு கட்டிகளாக உறைந்து மீனவரின் வலைகளிற் சிக்கிவந்துள்ளது. பிறநாட்டு நிலத்திற் கைவிடப்பட்டவை பற்றிச் சமவாயம் தெளிவாகவே பேசுகின்றது. சீனாவில் யப்பானியப் படை விட்டுச்சென்றவற்றைத் தோண்டி அழிக்கும் பொறுப்பை யப்பான் ஏற்றமை அதன் விளைவேயாகும். கைவிட்ட அரசு ஒன்றும் பாதிக்கப்பட்ட அரசு வேறொன்றுமாக இருந்தவிடத்து மூலம் தெளிவாயிற்று. இருவரும் ஒருவரேயாக இருந்தவிடத்தும், கடல் எவருடைய நிலமுமாகாதவிடத்தும் அது மௌனமாயிற்று.

5. உரை வகுப்பவர் யார்?

நோக்கமே ஆயுதத்தைத் தீர்மானிக்கும் எனின், நோக்கத்தைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா உடன் எழுகின்றது. பொருளைச் சோதனைக்குழாயில் இனங்காணலாம். நோக்கத்தை அவ்வாறு காணவியலாது. அது சான்றுகளைக் கொண்டு வாசித்தறியப்பட வேண்டியது. இவ்வாசிப்புக்குச் சமவாயம் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளது. ஐயத்துக்கிடமான எவ்விடத்தையும் பரிசோதிக்குமாறு எந்த அங்கத்துவ அரசும் கோரலாம் என்பது அவற்றுள் மிகத் துணிவானது. ஆனால் சமவாயம் வலுவுக்கு வந்து கால்நூற்றாண்டு கழிந்தும் ஒருமுறையேனும் அக்கோரிக்கை விடுக்கப்படவில்லை. ஒரு நாட்டின் வாயிலைத் தட்டுவோர் தம் வாயிலும் தட்டப்படும் என அஞ்சுதல் இயல்பு.

விலக்கப்படாத நோக்கங்களுள் ஒன்றாகச் ‘சட்ட அமுலாக்கம்’ குறிக்கப்பட்டுள்ளது. அதன் பொருள் வரையறுக்கப்படவில்லை. 2002 ஒக்டோபரில் மொஸ்கோ நாடக அரங்கொன்றில் பணயமாகப் பிடிக்கப்பட்டவர்களை மீட்கும்பொருட்டு ருஷ்ய அதிகாரிகள் பென்ரனில் வகைசார்ந்த மயக்கப்பொருளைக் காற்றில் பரப்பினர். பணயக்கைதிகளுள் 120க்கு மேற்பட்டோர் இறந்தனர். இது சட்ட அமுலாக்கமா, விலக்கப்பட்ட செயலா? மூலம் விடை தரவில்லை. மத்திய நரம்புத் தொகுதியைத் தாக்கும் பொருள்களை இவ்வாறு காற்றிற் பரப்புதல் சட்ட அமுலாக்கத்துக்குப் பொருந்தாது என்னும் உரையை அங்கத்துவ அரசுகளின் மாநாடு 2021 டிசெம்பரிலேயே எழுதிற்று. அதுவும் ஒருமனதானதன்று. ஒரு சொல்லுக்கு உரை காண ஏறத்தாழ இருபதாண்டுகள் சென்றன.

சிரியாவின் வரலாறு இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றது. 2013 ஓகஸ்ட் 21ஆம் திகதி டமஸ்கஸ் அயலிலுள்ள கூற்றாவில் சரின் நஞ்சினால் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அடுத்த மாதம் சிரியா சமவாயத்தில் இணைந்தது. ஏறத்தாழ 1,300 தொன் இரசாயனப் பொருள்கள் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டு, அவற்றுள் மிகக் கொடியவை மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலிலேயே நீர்ப்பகுப்புச் செய்யப்பட்டன. அவ்வாண்டின் சமாதான நோபல் பரிசு ஹேக் அமைப்புக்கு வழங்கப்பட்டது. ஆயினும் 2014 முதல் குளோரீன் வீசப்பட்டது; 2017 ஏப்ரல் 4ஆம் திகதி கான் செய்க்கூனில் மீண்டும் சரின் பயன்படுத்தப்பட்டது. யார் செய்தனர் என்பதைக் கூறும் அதிகாரத்தோடு பாதுகாப்புச் சபை 2015இல் அமைத்த கூட்டு விசாரணைப் பொறிமுறை, சிரிய அரசையும் சில நிகழ்ச்சிகளில் இஸ்லாமிய அரசு என்னும் ஆயுதக் குழுவையும் பொறுப்பாளிகளாகக் குறித்தது. 2017 நவம்பரில் ருஷ்யாவின் இரத்து வாக்கினால் அப்பொறிமுறை முடிவுக்கு வந்தது. 2018 யூனில் 82 அரசுகள் ஆதரித்தும் 24 அரசுகள் எதிர்த்தும் வாக்களிக்க, குற்றவாளியைப் பெயர்கூறும் அதிகாரம் ஹேக் அமைப்புக்கே வழங்கப்பட்டது. 2021 ஏப்ரலில் சிரியாவின் வாக்குரிமை இடைநிறுத்தப்பட்டது. ‘இருதரப்பினரும்’ எனக் கூறிய 1988ஆம் ஆண்டின் மொழியிலிருந்து எழுவாயைக் கூறும் மொழிக்கு வர முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

உரைகூறுவோரைக் கட்டுப்படுத்த முனைவது ஒரு பக்கத்தினர் மட்டுமல்லர். 2002 ஏப்ரலில் ஹேக் அமைப்பின் முதலாவது பணிப்பாளர் நாயகமாகிய பிரேசில் நாட்டவரான ஹொசே புஸ்தானி, ஈராக்கைச் சமவாயத்துக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் முன்முயற்சியால் பதவிநீக்கப்பட்டார். அந்நீக்கம் சட்டத்துக்கு முரணானது என சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் நிருவாக நியாயசபை 2003இல் தீர்ப்பளித்தது. வல்லரசுகள் தமக்குள் பகைத்துக்கொள்ளினும், சுதந்திரமான உரையாசிரியனை விரும்பாமையில் ஒத்திருந்தன.

நோக்கத்தை வாசித்தல் இயலாதது என இதனாற் கொள்ளல் தவறாகும். 1980களில் ஈராக்குக்குத் தயோடைகிளைக்கோலைப் பெருமளவில் விற்ற ஒரு டச்சு வணிகரை ஹேக் நகர நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் விசாரித்தது. விற்றது சாயத் தொழிலுக்கும் உதவும் பொருள். ஆனால் அது எதற்காகச் செல்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தார் எனச் சான்றுகளிலிருந்து நீதிமன்றம் முடிவுசெய்து, போர்க்குற்றங்களுக்கு உடந்தையாயிருந்தமைக்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. கப்பற் பத்திரங்களிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் நோக்கத்தை வாசிக்கலாம் என்பதை இவ்வழக்கு நிறுவிற்று. வேண்டப்படுவது, வழக்காளியும் நீதிபதியும் ஒருவரேயாகாத வாசகன்.

6. மூலத்தில் இல்லாதோர்

கடுகு வாயுவினாற் பாதிக்கப்பட்டோரின் நோய் அவ்வாயு கலைந்ததோடு முடிவதில்லை. நுரையீரலின் நுண்குழல்கள் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. கண்ணின் வெண்படலம் பத்து இருபது ஆண்டுகளின் பின்னும் புண்படுகின்றது. சர்தஷ்திலும் ஹலப்ஜாவிலும் அன்று குழந்தைகளாயிருந்தோர் நடுவயதிலும் மூச்சுக்காகப் போராடுகின்றனர். சமவாயத்தின் மூலத்தில் இவர்களுக்குரிய இடம் யாது? பத்தாம் உறுப்பு உதவி பற்றிப் பேசுகின்றது. ஆனால் அதனைக் கோருவதும் பெறுவதும் அரசுகளே. பாதிக்கப்பட்ட தனிமனிதன் சிகிச்சைக்கோ நட்டஈட்டுக்கோ உரிமை கோரக்கூடிய ஒரு வாசகமும் அதில் இல்லை. 2011இல் பாதிக்கப்பட்டோருக்கான ஆதரவு வலையமைப்பொன்று ஏற்படுத்தப்பட்டதாயினும் அது விரும்பி வழங்கப்படும் நன்கொடையிலேயே தங்கியுள்ளது.

இது காலத்தின் குறையெனச் சமாதானம் கூறப்படலாம். 1997ஆம் ஆண்டுக் கண்ணிவெடித் தடைச் சமவாயமும், அதனினும் தெளிவாக 2008ஆம் ஆண்டுக் கொத்துக்குண்டுச் சமவாயமும், பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பதை அரசுகளின் கடமையாக எழுதியுள்ளன. சில ஆண்டுகளின் பின் எழுதியோருக்கு இயன்றது, திருத்தம் என்னும் வழி திறந்திருக்கையில் முன்னர் எழுதியோருக்கு இயலாததன்று.

இக்குறை இரக்கம் பற்றியது மட்டுமன்று, வாசிப்புப் பற்றியதுமாகும். ஒரு பொருள் என்ன நோக்கத்தோடு தம்மீது வீசப்பட்டது என்பதற்கு முதற்சான்று அதனைச் சுவாசித்தவர்களே. 1936இல் ஹெயிலி செலாசி மன்னராக இருந்தமையாலேயே அம்மேடையில் ஏற முடிந்தது. அவருடைய குடிமக்களுள் நுரையீரல் வெந்த ஓர் உழவன் அம்மேடையில் ஏறியிருக்கவியலாது. இன்றும் அந்நிலை பெரிதும் மாறவில்லை. பரிசோதகர் அவர்களிடம் இரத்தமும் சாட்சியமும் பெறுகின்றனர். தீர்மானிக்கும் அவையில் அவர்களுக்கு ஆசனமில்லை.

இரசாயன ஆயுதத் தடையின் மூலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் மூன்று முறை திருத்தி எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் முன்னைய எழுத்தின் ஓட்டையில் வீழ்ந்தவர்களின் எண்ணிக்கையே புதிய எழுத்துக்குக் காரணமாயிற்று. 1993ஆம் ஆண்டு மூலம் சொல்லளவில் அடைக்க வேண்டிய ஓட்டைகளைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அறிவிக்கப்பட்ட களஞ்சியங்களும் அழிந்தன. எஞ்சியுள்ளது உரைப் பிரச்சினை. குற்றஞ்சாட்டப்படக்கூடிய அரசின் இசைவை வேண்டாது நோக்கத்தை விசாரித்துப் பெயர் குறிக்கும் அதிகாரத்தை நிலையானதாக்குதல், சட்ட அமுலாக்கம் என்னும் சொல்லை வரையறுத்தல், பாதிக்கப்பட்டோரை உரிமையுடையோராக மூலத்திற் சேர்த்தல் என்னும் மூன்றும் நிறைவேறாதவரை, களஞ்சியங்கள் வெறுமையானமை மட்டும் போதிய காப்பாகாது. குளோரீன் குடிநீர் நிலையங்களில் இருக்கும். ஆமணக்கு வேலியோரங்களில் முளைக்கும். அவற்றை ஆயுதமாக்குவோன் இன்ன நோக்கமுடையவன் எனத் துணிந்து கூறும் வாசகர் உளர் என்னும் அச்சமே இனி அவனைத் தடுக்கவல்லது.